உள்ளங்கையால் மறைத்த குதிரைகள்

1987 கோடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை மொன்றியல் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். கிழமை முழுதும் உணவகத்தில் கோப்பை கழுவி வெடித்துப்போன கை என் கையைப் பிடித்திருக்கும். ஜாக் கார்த்தியே சதுக்கத்தில், 1809-இல் எழுப்பிய தூணின் உச்சியில் கடற்படைத் தளபதி நெல்சன் நிற்பார். கழுத்து நோக அவரை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்குவோம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு வாங்கு எங்களுடையது. முதலாம் உலகப் போரில் மாண்ட வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவாக 1922-இல் கட்டி முடித்த கோபுரம் அது. சென் லோறன்ஸ் ஆறு அதன் காலடியில் சுழித்துக்கொண்டு ஓடும்.

ஆடியில் இலங்கையின் வடக்கே, எங்கள் வடமராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஆமி ஊரைப் பிடித்துவிட்டது, அப்பம்மா கோயில் மண்டபத்தில் இருக்கிறா. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அப்பா அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

அடுத்த ஞாயிறு, பழைய புத்தகக் கடையில் எடுத்த பிரெஞ்சு ஓவியப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்தார்.

"இதிலை என்ன எழுதியிருக்கு, பிள்ளை?"

பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்து எழுத்துக் கூட்டினேன். 'ப்ரீஸ்' என்றிருந்தது.

"பிடிச்சது எண்டு அர்த்தம், அப்பா. சிலுவைப் போர்க்காரர் கொன்ஸ்தாந்திநோபிளைப் பிடிச்சது."

"ஊரைப் பிடிச்சது," என்று அப்பா மெல்லச் சொன்னார்.

டெலாகுருவா வரைந்த படம். என் கண்ணுக்குக் குதிரைகள்தான் தெரிந்தன. அவற்றுக்கு மேலே ஈட்டிகள், கொடிகள், தூரத்தில் புகைகிற நகரம், கடல். அப்பா உள்ளங்கையை விரித்துக் குதிரைகளின் மேல் வைத்தார்.

"இப்ப பார்."

கைக்குக் கீழே மிச்சமிருந்தவர்கள் மூலையில் இருந்தார்கள். கையை நீட்டி இரக்கிற ஒரு கிழவர். முதுகு தெரிய மண்டியிட்டு, சாய்ந்து கிடந்த இன்னொருத்தியைத் தாங்கிக் குனிந்திருந்த ஒரு பெண்.

"குதிரையில வந்தவை போயிடுவினம். இவை எங்கை போவினம்?"

"கோயிலுக்கு," என்றேன்.

அப்பா புத்தகத்தை மூடவில்லை. நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வளர்ந்தபின் அந்தப் படத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 1204 ஏப்ரலில் அந்த நகரைச் சூறையாடியவர்களும் அதில் வாழ்ந்தவர்களும் ஒரே கிறிஸ்துவைத்தான் கும்பிட்டார்கள். 1838-இல் அரசர் லூயி பிலிப், வெர்சாய் அரண்மனைச் சுவருக்காக அந்த வெற்றியை வரையச் சொன்னார். டெலாகுருவா வெற்றி பெற்றவனின் குதிரையைக்கூடத் தலைகுனிய வைத்து, தோற்றவர்களை முன்னால் கொண்டுவந்து இருத்திக் கொடுத்தார்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்றபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. ஏறக்குறைய 5 மீட்டர் அகலமான படம். புத்தகத்தில் அப்பா கையால் மறைக்க வேண்டியிருந்த குதிரைகளை இங்கே நான் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது, அந்த நெல்சனைப் போல. குனிந்திருந்த பெண்ணின் முதுகோ என் முகத்துக்கு நேரே இருந்தது.