படகுக்கு எண்ணெய்க் குளியல்!

அத்தான் படகு வாங்கிவிட்டார் என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தாமிரபரணியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரையேறிவிடுகிற மனுஷன் அவர்!

ஆனால் மனிதர் இருப்பது அமெரிக்காவின் மின்னசோட்டாவில். கார் நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று போட்டுக்கொள்கிற மாநிலம். அதுகூடத் தன்னடக்கம்தான். பத்து ஏக்கருக்கு மேலான ஏரிகள் மட்டுமே 11,842.

போன கோடையில் நான் அங்கே போயிருந்தேன். பதினெட்டு அடி ஃபைபர் படகு, டிரெய்லர் மேல் வாசலில் நின்றது. நம்ம ஊர்க் கோயில் தேர் மாதிரிதான்... ஓடுகிற நாள் கொஞ்சம், நிற்கிற நாள் அதிகம். பி.காம். படித்த புத்தி, உடனே மனசுக்குள் தேய்மானம் கணக்குப் போட்டது. (நேர்கோட்டு முறையில் போட்டாலே நெஞ்சு வலித்தது!)

செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர்க்காரர்கள் கண் மாதிரி வைத்திருக்கும் ஒரு ஏரிக்குப் படகில் போவதாகத் திட்டம். கிளம்பும்போதே ஊரில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"நாளைக்கு ஏறணும்னா இன்னிக்குக் கழுவணும் மச்சான்" என்றார் அத்தான்.

ஒரு வாரமாக ஒரு நண்பரின் ஏரி வீட்டில் தண்ணீரிலேயே கிடந்துவிட்டு, முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தது படகு. அடிவயிற்றில் டீக்கறை மாதிரி பழுப்பு. சமையலறையிலிருந்து பச்சை நாரை எடுத்து வந்து, தோசைக்கல் தேய்க்கிற வேகத்தில் ஒரு இழு இழுத்தேன்.

"ஐயையோ!" என்று ஓடி வந்தார் அத்தான்.

ஃபைபர் படகுக்கு மேல்தோல் ஒன்று உண்டாம், ஜெல்கோட் என்று பெயர். கனம் சுமார் அரை மில்லிமீட்டர். பளபளப்பெல்லாம் அந்த அரை மில்லிமீட்டர்தான். நார் போட்டால் கீறல் விழும், கீறலில் மறுபடி அழுக்கு உட்காரும். கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த திரவத்தை, கையுறை போட்டுக்கொண்டு, முதலில் ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்தார். தேய்க்கவே இல்லை. சில நிமிஷத்தில் கறை தானாக மங்கிப் போனது. புளி போட்டதும் பித்தளைக் குடம் பளிச்சென்று ஆகுமே, அந்த வித்தைதான். டிரெய்லரின் துத்தநாகப் பூச்சில் பட்டால் அரித்துவிடும் என்று உடனே தண்ணீர் அடித்துக் கழுவினார்.

பக்கவாட்டில் தடவினால் கையில் சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் தூள். வெயில் செய்த வேலை. அதற்கு ரப்பிங் காம்பவுண்ட், அதற்கு மேல் மெழுகு. தீபாவளிக்கு ஆச்சி தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவாளே, அந்தப் பக்குவத்தில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்தேன். தோள்பட்டை கழன்றது. "தண்ணியிலேயே கிடக்குற படகுக்குத்தான் பாசி பிடிக்காத பெயிண்ட் அடிக்கணும். நம்மது டிரெய்லர் படகு. மெழுகே போதும்" என்றார்.

சாயங்காலம், டிரெய்லர் கட்டைக்கும் படகுக்கும் நடுவில் துணியை விட்டுத் துடைத்தபோது ஒரு பாசிக் கொடி கையோடு வந்தது. அதில் நகக்கண் அளவுக்கு வரிவரியாய் ஒரு சிப்பி.

அத்தான் முகம் செத்துப்போனது.

வரிக்குதிரைச் சிப்பி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்துச் சரக்கு. கப்பல் தண்ணீரில் ஒளிந்து வந்து, 1988-ல் அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் மாட்டியது. ஒரு பெண் சிப்பி வருஷத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரை போடும். ஏரியில் பரவிவிட்டால் துரத்துவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால்தான் படகுத்துறைகளில் 'கழுவு, வடித்துவிடு, காயவை' என்று போர்டு. இந்தச் சிப்பி ஒட்டிய படகை ரோட்டில் இழுத்து வருவதே அங்கே சட்டப்படி குற்றம்.

"இதோட முப்பது மைல் வந்திருக்கேன்டா..." என்றார். இருபது வருஷமாக ஒரு பார்க்கிங் அபராதம்கூடக் கட்டாத மனிதர்.

"அத்தான், அதான் பிடுங்கியாச்சே! அறுபது டிகிரி வெந்நீர் ஊத்திக் கழுவிட்டு நாளைக்குப் போலாமே?"

"வெளியில ஊத்தலாம். மோட்டாருக்குள்ள, அடித்தட்டு மூலையில நிக்கிற தண்ணிக்கு? அதுல குஞ்சு இருந்தா கண்ணுக்கே தெரியாது. அஞ்சு நாள் காயணும்."

"யாருக்குத் தெரியப்போகுது அத்தான்?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை. அடிப்பக்கத்து பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சாப்பிட வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தோம். திங்கட்கிழமை அக்காவுக்கு என் மேல் இரக்கம் வந்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, கராஜுக்குள் நின்ற படகில் ஸ்டியரிங் பிடித்தபடி என்னைப் போட்டோ எடுத்தாள்.

ஊருக்கு வந்து நண்பர்களிடம் காட்டினேன். படகு பளபளவென்று இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"மாப்ளே, பின்னாடி தெரியுறது புல்லு வெட்டுற மிஷின்தானே?"