மருமகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் விபத்துக்கென்றே பத்திரிகைகளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் வீதியை விட்டு விலகி மின்கம்பத்தில் மோதியதில், அதனைச் செலுத்திச் சென்ற இளைஞர் உயிரிழந்துள்ளார்." ஊரையும் வயதையும் மாற்றிக்கொண்டால் போதும், நாட்டின் எந்த மூலைக்கும் பொருந்தும். இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் மடிகிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெருந்தொகையினர். ஆகவே இந்த வாக்கியத்துக்கு ஓய்வு கிடைப்பதில்லை. முப்பது வருடங்களாக நான் அதனுடன் குடித்தனம் நடத்தி வருகிறேன்.

அந்த வாக்கியம் சொல்லாமல் விடுகின்ற விடயங்களே என் மனதில் நிற்கின்றன. வண்டியின் எடை எத்தனை கிலோ? பிரேக் எத்தகையது? சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்து எத்தனை வாரங்கள்? நான்கு வரிச் செய்தியில் இவற்றுக்கெல்லாம் இடம் இராது. எனவே, என் தங்கையின் மகன் முதன்முதலாக ஒரு வண்டி வாங்கப் போவதாகச் சொன்னபோது, இலக்கியம் படித்துவிட்டு எஞ்சினைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை என்று நானும் அந்த விவகாரத்தில் தலையிட்டேன்.

வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்காகச் சிறிது ஊர் விவரம். திகன, கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்த காலத்தில் வளர்ந்த ஊர். பிரதான வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதைகளில் இருட்டிய பின் முச்சக்கர வண்டிதான் கதி. மருமகனுக்குக் கண்டியில் ஒரு கடையில் வேலை. இரவு எட்டு மணிக்குத்தான் கதவடைப்பார்கள். சம்பளத்தில் கணிசமான பங்கு அந்தக் கடைசி மூன்று கிலோமீற்றருக்கே போய்க்கொண்டிருந்தது. தங்கை, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் 28 வருடங்கள் பிறர் பிள்ளைகளைத் தாலாட்டியவள். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் ஒரு பகுதியை வண்டிக்கென்று ஒதுக்கியிருந்தாள். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பான்" என்று அவள் என்னிடம் சொன்னதன் பொருள், அந்தப் பணம் இரண்டாம் முறை வராது என்பதுதான்.

மருமகனின் மனம் ஏற்கெனவே ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஜேட் ஒன்னு வந்திருக்கு மாமா. சத்தத்தக் கேட்டா நீங்களே சரின்னுவீங்க." ஹொண்டா ஜேட் என்பது 1990களில் ஜப்பானில் தயாரான 250 சிசி வண்டி. நான்கு சிலிண்டர். நம் நாட்டுக்கு மீள்திருத்தப்பட்டு வந்தவற்றில் பெரும் புகழ் பெற்றது. அதன் சத்தம் உண்மையிலேயே அழகானது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த எஞ்சினின் முழு வலு பிறப்பது, அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்டிய பிறகுதான். கீழ்ச் சுற்றுகளில் சாதுவாக இருந்துவிட்டு மேலே போனதும் பாய்கின்ற சுபாவம். தோட்டப் பாதையின் கொண்டை வளைவில் முதலாம் கியரில் தடுமாறுகின்ற புதியவனுக்கு இவை இரண்டுமே உதவா. போதாக்குறைக்கு நான்கு காபரேட்டர்கள். அவற்றை ஒன்றோடொன்று இசையும்படி சீர்செய்யத் தெரிந்த கைகள் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான்.

நான் சொன்னது யமஹா எஃப்இசட். ஒற்றைச் சிலிண்டர், காற்றினால் குளிரும் எஞ்சின், ஐந்து கியர். 2008இல் இந்தியாவில் 153 சிசியுடன் அறிமுகமாயிற்று. பார்வைக்கு 1000 சிசி எஃப்இசட்1 வண்டியின் தம்பியைப் போல இருக்கும், அவ்வாறே வரைந்தார்கள். 2014இல் வந்த இரண்டாம் வடிவத்தில் எரிபொருள் உட்செலுத்தும் முறை புகுத்தப்பட்டது. எஞ்சின் 149 சிசியாகவும் வலு 13 குதிரைவலுவாகவும் குறைந்தன. எடை 132 கிலோ. வலுவைக் குறைத்துவிட்டார்கள் என்று அப்போது பையன்கள் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தக் குறைப்பே பிடித்திருக்கிறது. பல ஐரோப்பிய நாடுகளில் 16 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முதற்படி அனுமதிப்பத்திரத்தின் எல்லை 125 சிசியும் 15 குதிரைவலுவும் ஆகும். சிசியில் எஃப்இசட் அந்த எல்லையைத் தாண்டினாலும் வலுவில் அதற்குள்ளேயே அடங்குகிறது. அங்கே அடுத்த படி, அதற்கடுத்த படி என்று ஏணி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் 100 சிசி வரை ஒரு வகுப்பு, அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் ஒரே வகுப்பு. ஏணியை வீட்டிலுள்ளவர்கள்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

ஒற்றைச் சிலிண்டரின் நன்மை மேட்டில் தெரியும். நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளிலேயே அதன் இழுவிசை உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு வெகு கீழேயே, பின்னால் ஒருவரும் மடியில் ஒரு அரிசி மூட்டையும் இருக்க, முனகாமல் ஏறும். இறக்கத்தில்தான் அதைவிடப் பெரிய நன்மை. ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி ஹசலக்க நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டாம் கியரில் போட்டு அக்சிலேட்டரை விட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் குளிர்ந்தபடி அவசரத்துக்குக் காத்திருக்கும். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு உருண்டு வருகிறவர்களை இந்த மலைகளில் இன்றும் பார்க்கிறேன். அவர்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது சூடேறிய பிரேக் மட்டும்தான்.

பெற்றோல் என்றதும் 2022 ஞாபகத்துக்கு வருகிறது. நெடுநாள் வரிசைகளுக்குப் பின் கியூஆர் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று ஆரம்பத்தில் நிர்ணயித்தார்கள். திகனவிலிருந்து கண்டிக்குப் போய்வர 30 கிலோமீற்றர். ஐந்து நாளைக்கு 150. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடுகின்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்காரர் அந்த நான்கு லீற்றரில் வேலைக்குப் போனார். நான்கு சிலிண்டர்க்காரர் புதன்கிழமையுடன் பஸ்ஸுக்கு வந்துவிட்டார். அந்தக் கட்டுப்பாடு 2023 செப்டெம்பரில் நீங்கிவிட்டது. கணக்கு நீங்கவில்லை, இப்போது அதை லீற்றரில் போடாமல் ரூபாயில் போடுகிறோம்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சின்ன வண்டின்னு எல்லாரும் சிரிப்பாங்க மாமா" என்றான். இதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. லயத்தில் பிறந்து, தன் சம்பளத்தில் முதன்முதலாக ஒன்றைத் தொட்டுப் பார்க்கின்ற பிள்ளைக்கு, அது நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பொருளாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. எஃப்இசட்டைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். புடைத்த தாங்கி, 140 மில்லிமீற்றர் அகலப் பின்சக்கர டயர் என்று அது தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளத் தெரிந்த வண்டி. மேலே பெரிய அண்ணன், உள்ளே அடக்கமான தம்பி. அந்தச் சிறு ஏமாற்று வித்தையை நான் வரவேற்கிறேன்.

ஒரு விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமாயிற்று. அந்த ஆண்டு வந்த மூன்றாம் வடிவ எஃப்இசட்டில் முன்சக்கரத்துக்கு அது உண்டு. பயந்து போய் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. பிடித்துப் பிடித்து விடும். கண்டியில் பிற்பகல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நனைந்த வீதியில் புதியவன் செய்யும் முதற் காரியம் முன் பிரேக்கை இறுக்குவதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரையிலான இடைவெளியில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். ஏபிஎஸ் உள்ள வண்டிக்குக் கேட்ட விலை இரண்டாம் வடிவத்தைவிட அதிகம். தங்கை கணக்குப் பார்த்தாள். கொடுத்துவிடச் சொன்னேன், கொடுத்தாள்.

வண்டியைப் பற்றிச் சொன்னதைவிட அவனிடம் நான் அழுத்திச் சொன்னது வேறொன்று. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் ஒரு லொறிச் சாரதிக்கும் முச்சக்கர வண்டியில் வந்த சிலருக்கும் இடையே வீதியில் தகராறு மூண்டது. தாக்கப்பட்ட சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திகனவிலும் சுற்றுப்புறத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த கட்டடத்துக்குள்ளிருந்து ஓர் இளைஞனின் உடல் எடுக்கப்பட்டது. 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம். அந்தத் தீக்குத் திட்டமிட்டு எண்ணெய் ஊற்றியவர்கள் வேறு ஆட்கள், அது வேறு கதை. ஆனால் தீக்குச்சி வீதியில் கிடைத்தது. எவன் எப்படி முந்தினாலும், எவன் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனாலும், ஹோர்னைக்கூட அழுத்தாமல் ஓரங்கட்டிப் போய்விடு என்றேன். "நம்ம பக்கம் நியாயம் இருந்தாலுமா?" என்று கேட்டான். இருந்தாலும்தான் என்றேன். அவனுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. கண்ணாடித் தூள் சிதறிக் கிடந்த அந்த வீதியில் நான் குறிப்பேட்டுடன் நடந்திருக்கிறேன்.

வண்டி வந்து இப்போது ஐந்து வாரங்களாகின்றன. தங்கை அவனிடம் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறாள்: கண்டியில் கடை மூடியதும் ஓர் அழைப்பு, தோட்டச் சந்தியில் வண்டியை நிறுத்தி இன்னோர் அழைப்பு. இடைப்பட்ட நாற்பது நிமிடங்களில் அவள் தொலைக்காட்சியில் என்ன பார்த்தாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். சைலன்சரை மாற்றி ஜேட் சத்தம் வரவழைக்க அம்பிட்டியில் ஆள் இருக்கிறதாம், நேற்று மெல்லக் காதில் போட்டான். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.