கீழ்ப்பாக்கமும் ஊளம்பாறையும்

போன மாதம் ஆபீஸில் ஒரு மீட்டிங். ஒரு பையன் கொஞ்சம் வித்தியாசமாக ஏதோ யோசனை சொன்னான். பக்கத்து சீட் சேட்டன் உடனே, "இவனெ ஊளம்பாறயில் கொண்டு போணம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊளம்பாறை தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்தில் அரசு மனநல மையம் இருக்கும் இடம். நமக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, மலையாளிகளுக்கு ஊளம்பாறை. கோழிக்கோட்டுக்காரர்களுக்குக் குதிரவட்டம் (நடிகர் பப்பு பெயருக்கு முன்னால் வருமே, அதே ஊர்தான்). பாஷை மாறினாலும் கிண்டல் மட்டும் மாறவே இல்லை பாருங்கள்!

அன்று சாயங்காலம் களமசேரி மெட்ரோ ஸ்டேஷன் படி இறங்கும்போது ஊரிலிருந்து போன். "தம்பி, இந்த வாட்டியும் மாமாவுக்கு மாத்திரை இல்லேன்னுட்டாங்கப்பா. வெளிய வாங்கிக்கச் சொல்றாங்க." காலை ஆறு மணி பஸ் பிடித்துப் போய், மத்தியானம் வரை உட்கார்ந்திருந்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார் அம்மா. அவருக்கு வயது 68.

மீட்டிங்கில் சிரித்த சிரிப்பு அப்போதுதான் தொண்டையில் மாட்டியது.

சரி, இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. பாலிடெக்னிக் முடித்தவர். எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். 22 வயதில் காதில் குரல் கேட்கிறது என்றார். செய்வினை என்றார்கள். ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் 1998-ல் ஏர்வாடி. அங்கே ஒரு தனியார் கொட்டகை. காலில் சங்கிலி. ஏழெட்டு மாதம் கழித்துப் பார்க்கப் போன தாத்தா, கணுக்காலில் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அப்புறம் மதுரையில் ஒரு டாக்டர், மாத்திரை, மெல்ல மெல்லத் தெளிவு.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் இன்னொரு கொட்டகையில் விடிகாலையில் தீ. 28 பேர் செத்துப் போனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சாவி யார்ட்ட இருந்துச்சு?"

யாரும் பதில் சொல்லவில்லை.

தீக்குப் பிறகு நிறைய நடந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கொட்டகைகளை மூடினார்கள். 2017-ல் புதிய மனநலச் சட்டம் வந்து, 2018 மே மாதம் அமலானது. சங்கிலி போடுவது குற்றம் என்கிறது அந்தச் சட்டம்.

ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளைப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்தின் கதை 1794-ல் தொடங்குகிறது. ஊளம்பாறை 1870, குதிரவட்டம் 1872, திருச்சூர் 1889. மகாராஜாவும் வெள்ளைக்காரனும் வைத்துவிட்டுப் போனது. மனநலத்துக்கென்றே அரசு நடத்தும் பெரிய இடம் என்றால் ரெண்டு மாநிலத்திலும் இன்றும் முதலில் சொல்வது இவற்றைத்தான்.

அதைப் போல இன்னும் பத்து கட்டச் சொல்லவில்லை. வீட்டுப் பக்கத்திலேயே வைத்தியம் கிடைக்கட்டும் என்றுதான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் கொண்டு வந்தார்கள். நல்ல திட்டம். ஆனால் பணம்? மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது சுமார் 1 சதவீதம். அதிலும் பெரும்பங்கு பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு. அதே நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் எடுத்த சர்வேயில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அந்த 12-ல் தமிழ்நாடும் உண்டு, கேரளாவும் உண்டு.

ஏன் எந்தக் கட்சியும் இதைப் பேசுவதில்லை? மனநலம் சரியில்லை என்று கோர்ட் அறிவித்துவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயரே கிடையாது. 1950-ம் வருடச் சட்டம் அப்படி. அதை விடுங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிற நமக்கு ஓட்டு இருக்கிறதே? நாம் கேட்டோமா? ரோடு கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். "என் தம்பிக்கு மாத்திரை எங்கே" என்று எந்த வேட்பாளரை நிறுத்தி எந்த அக்கா கேட்டிருக்கிறாள்? கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும்.

ஊரைச் சொல்வானேன். 2009-ல் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது, மாமாவைப் பக்கத்து ஊர் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தது நான்தான். போகிற வழியில், "எத்தனை நாளைக்கு மாப்ள?" என்று மட்டும் கேட்டார். நாம் ஒளித்து வைத்ததை அரசியல்வாதி தேடி வந்து பார்ப்பானா?

மாமாவை இங்கேயே கூட்டி வந்துவிடலாமே என்று மனைவி சொன்னாள். களமசேரியிலேயே அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவும் உண்டு. ஆனால் இது காய்ச்சலா, நாக்கை நீட்டிக் காட்ட? பேசித்தான் நோயைச் சொல்ல வேண்டும். காதில் கேட்கிற குரலை மாமா எந்த பாஷையில் சொல்வார்? வேலைக்காக நாடு மாறியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போன வாரம்தான் அந்த 2017 சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 18-ம் பிரிவு. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. மாமா சாப்பிடும் ரிஸ்பெரிடோன் அந்தப் பட்டியலில் உள்ள சாதாரண மாத்திரை. அம்மா இத்தனை வருடம் தர்மம் கேட்பது மாதிரி நின்றது சட்டப்படி மாமாவுக்குச் சேர வேண்டியதற்காக!

ஒரு மனு எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க. அம்மா போனில் தயங்கினார்.

"பேரு போடணுமாப்பா?"

"போடணும்மா. முழுப் பேரு, ஊரு, எல்லாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மாமாவின் குரல். "குடுக்கா, நானே போடுறேன்."

திங்கட்கிழமை மனு கொடுத்தாயிற்று. மாத்திரை இன்னும் வரவில்லை. இந்த மாதத்துக்கு இங்கிருந்து வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

பி.கு: 14416. டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது. தமிழிலும் பேசலாம். ஊரில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.