தலைக் கணக்கு

விழா மலருக்கு நகைச்சுவையாக ஏதேனும் எழுதி அனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது நான் சிறிதும் கலங்கவில்லை. நமது நாட்டிலே நகைச்சுவை எழுதப் புகுவோன் கற்பனையைக் கசக்கிப் பிழிய வேண்டியதில்லை. காலையிற் பத்திரிகை வரும்வரை காத்திருந்தாற் போதும்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறையிலுள்ள மின் உபநிலையத்துட் புகுந்த குரங்கொன்று தொடக்கூடாததைத் தொட்டது; இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பூண்டுலோயாக் கடைத்தெருவிலும் நின்றது. முன்னாளில் அநுமன் இலங்கைக்கு வந்தபோது அவனுக்கு வாலில் தீ வேண்டியிருந்தது. எரிந்ததும் ஒரு நகரந்தான். அவன் இனத்தான் ஒருவன் இன்று வெறுங்கையுடன் தீவு முழுவதையும் நிறுத்திவிட்டான். விஞ்ஞான வளர்ச்சி என்பது இதுதான் போலும்!

ஐந்து வாரம் கழியுமுன் அடுத்த செய்தி வந்தது. பயிரை அழிக்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் முதலியவற்றை நாடெங்கும் ஒரே நேரத்தில் எண்ணுவதென அரசாங்கம் தீர்மானித்தது. நாள், மார்ச் 15. நேரம், காலை எட்டு மணி முதல் எட்டு மணி ஐந்து நிமிடம் வரை. அவ்வைந்து நிமிடத்துள் தத்தம் இடத்திற் காணும் விலங்குகளை ஒவ்வொருவரும் தாளிற் குறித்துக் கொடுக்க வேண்டும்.

அன்று நான் பூண்டுலோயாவை அடுத்த தோட்டமொன்றில், என் பெரியம்மா வீட்டில் இருந்தேன். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. பன்னிரண்டு காம்பரா கொண்ட லயத்தில் ஏழாவது காம்பரா. கொழுந்தெடுப்போர் மலைக்குப் போய்விட்டனர். முதியோரும் பள்ளி விடுமுறைப் பிள்ளைகளும் பன்னிரண்டு இஸ்தோப்புகளிலும் தாளும் பேனாவுமாய் நின்றோம். எட்டு மணி இரண்டு நிமிடமளவில் ஒரு குரங்கு வந்தது. முதலாங் காம்பராக் கூரையில் ஏறி, தகரம் அதிர ஓடி, பன்னிரண்டாங் காம்பராவில் இறங்கிக் கொய்யா மரத்திற் பாய்ந்து மறைந்தது. லயத்துக்குக் கூரை ஒன்றுதான், தாளோ பன்னிரண்டு. எல்லோரும் குனிந்து எழுதினர். நான் தயங்கினேன்.

“நம்ம கூரையிலயும் ஓடிச்சுதானே, தம்பி? எழுது” என்றார் பெரியம்மா.

எழுதினேன். கல்லூரியில் எனக்குக் கணிதம் கற்பித்த ஆசான் இதனைப் படிக்க நேர்ந்தால் மன்னிப்பாராக. ஒரு குரங்கு பன்னிரண்டாயிற்று. அந்த லயத்திலோ பன்னிரண்டு குடும்பங்களுக்கும் இன்றுவரை முகவரி ஒன்றுதான்: தோட்டத்தின் பெயர், கீழே தபாற் கந்தோரின் பெயர்.

மனிதரை எண்ணும் வித்தையில் தோட்டங்கள் பின்தங்கியவை அல்ல. நாள்தோறும் பிரட்டுக்களத்தில் ஆளெண்ணி, செக்ரோலிற் பேர் போட்டு வந்தவை அவை. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பெயரைப் பாதியாக வெட்டும் இந்த இலக்கணம் நன்னூலார் அறியாதது. பெரியம்மாவின் முழுப் பெயர் எத்தனை நாள் முழுதாக எழுதப்பட்டதென்று அவருக்கே தெரியாது.

என் தாத்தாவின் கதை வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டமோ, வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம் என்றது. ஆனால் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். (பிரமசாரிக்கு மூன்றாண்டு மிகுதி ஏனோ!) விசாரணை செய்த உத்தியோகத்தர் ஆண்டுகளைக் கேட்டபோது, தாத்தா ஒன்றும் மறைக்கவில்லை. ஆறாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டிய வருஷம், பெருமழையிற் பாலம் போன வருஷம், மூத்தவள் பிறந்த வருஷம் என வரிசையாகச் சொன்னார். எல்லாம் உண்மை; ஒன்றுக்கும் கடதாசி இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இரண்டு நிமிடம் கூரையில் ஓடிய குரங்கிடம் எவரும் கடதாசி கேட்கவில்லை என்பதை நான் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பின்னர் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 தலை எனக் கணக்கிட்டு, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாக்கினர். பிள்ளைகள் கடைசி முறுக்கை இரண்டாய் உடைப்பது போல. எந்தப் பாதியில் தாம் விழுந்தார் என்று தாத்தா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது அதைக் கேட்க அவர் இல்லை. பெரியம்மா பெற்ற அடையாள அட்டை அவருடைய சாமிப் படத்தின் பின்னே, துணியிற் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. குரங்கு தூக்கிச் செல்லக்கூடாது என்பது அவர் சொல்லும் காரணம்.

மலர்க்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். இம்மலரில் ஒரு பிரதியைப் பெரியம்மாவுக்கும் அனுப்புவதாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் அந்த லயத்தில் அவர் பெயருடையோர் மூவர் உளர். தோட்டத்துக் கந்தோர் மூலம் வரும் பிரதி முதலில் எவர் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆதலால் மூன்றாகவே அனுப்பிவிடுங்கள்.