காற்றில் நின்ற பறவை

என் தந்தையார் புனேயில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றி வந்தார். எங்கள் குடியிருப்பின் பின்புறம் புல் மட்டுமே வளர்ந்த ஒரு மொட்டைக் குன்று இருந்தது. மழைக்காலம் முடிந்து புல் காயத் தொடங்கியதும், மாலைக் காற்று சரிவில் ஏறிவரும் வேளையில், ஒரு பறவை அங்கு வந்து அந்தரத்தில் நிற்கும்.

அதைப் பருந்து என்றே எண்ணியிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சிதான் திருத்தினார். "எய்யா, பருந்து வட்டமிடும். இது நின்ற இடத்திலேயே நிற்கிறது, பார். இது வல்லூறு வகை" என்றார். பின்னர்ப் பள்ளி நூலகத்தில் தேடினேன். ஆங்கிலத்தில் அதன் பெயர் கெஸ்ட்ரல். வல்லூற்றினத்தில் சிறியது, எடை ஏறத்தாழ 200 கிராம். செங்கல் நிற முதுகில் கரும்புள்ளிகள் உண்டு. ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல் நிறம். இமயமலையில் ஆண்டு முழுவதும் வாழ்கிறது. தக்காணத்துச் சமவெளிகளுக்குக் குளிர்கால விருந்தாளியாக வருகிறது.

ஆச்சியும் நானும் பாறைமேல் அமர்ந்து அதன் வேட்டையைப் பார்ப்போம். காற்றை எதிர்நோக்கி, வாலை விசிறிபோல் விரித்து, பத்து இருபது மீட்டர் உயரத்தில் அது நிற்கும். இறக்கைகள் துடிக்கும்; உடல் அசையும்; தலை மட்டும் ஆணி அடித்தாற்போல் அசையாது. தலை அசைந்தால் புல்லுக்குள் ஊரும் வெட்டுக்கிளி எப்படித் தெரியும்? எதையேனும் கண்டால் படிப்படியாகக் கீழிறங்கும். சற்று நின்று மீண்டும் பார்க்கும். இறுதியில் இறக்கைகளை மடக்கிப் புல்லில் விழும். ஒரு மாலையில் பன்னிரண்டு பாய்ச்சல்களை எண்ணினேன்; நான்கில்தான் இரை கிடைத்தது. ஓணான், வெட்டுக்கிளி, சுண்டெலி இவையே பெரும்பாலும் அதன் உணவு. (கோழிக்குஞ்சைத் தூக்குமோ என்பது ஆச்சியின் கவலை!) காற்றில்லாத நாளில் மின்கம்பியில் அமர்ந்தே வேட்டையாடும். அந்தரத்தில் நிற்பதால் இரை மிகுதியாகக் கிடைத்தாலும், அதற்குச் செலவாகும் ஆற்றலும் மிகுதி.

பின்னாளில் படித்த ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. நெதர்லாந்தில் வயலெலிகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வளையைவிட்டு வெளிவருகின்றன. முந்தைய நாள் இரை கிடைத்த இடத்திற்கு, அதே நேரத்தில் கெஸ்ட்ரல் மறுநாளும் செல்வதை ஆய்வாளர்கள் 1981இல் எழுதியுள்ளனர். கடிகாரமில்லாப் பறவைக்கு என்ன ஒரு காலக்கணக்கு!

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளியினர் அக்குன்றில் மரக்கன்றுகள் நட்டனர். நானும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். மொட்டைக் குன்று பசுமையாகப் போகிறதென்று எங்களுக்கெல்லாம் பெருமை. மரங்கள் விரைந்து வளர்ந்தன. அவற்றின் நிழலில் புல் தேய்ந்தது. திறந்த புல்வெளியில் இரை தேடும் பறவைக்கு அங்கு வேலையில்லாமல் போயிற்று. அக்குன்றைத் தரிசு என்று நாங்கள் நினைத்ததே பிழை. அது பாழ்நிலமன்று, புல்வெளி.

ஊர் திரும்பியிருந்த ஆச்சி கார்த்திகை தோறும் கடிதத்தில் கேட்பார்: "அந்த வல்லூறு வந்ததா?" நான் பத்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு அது வரவில்லை. தண்ணீர் சுமந்த கை அல்லவா? உண்மையை எழுத மனம் வரவில்லை. "வந்தது, ஆச்சி" என்று எழுதிவிட்டேன். அப்பொய் பல நாள்கள் என்னை உறுத்தியது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிதிவண்டியில் ஊருக்கு வெளியே நெடுந்தொலைவு சென்றேன். தங்கர் எனப்படும் இடையர்கள் ஆடு மேய்க்கும் புல்வெளி ஒன்று அங்கே இருந்தது. மின்கம்பியில் ஒரு பறவை அமர்ந்திருந்தது. காற்று எழுந்ததும் அதுவும் எழுந்து, புல்லுக்கு மேலே நின்றது. அதே பறவைதானா என்று எவ்வாறு கூறுவேன்?

அன்றிரவே ஆச்சிக்குக் கடிதம் எழுதினேன். முதலில் பொய்யை ஒப்புக்கொண்டேன். பிறகு, மரங்களைப் பற்றி எழுதினேன். பறவையைப் பற்றி எழுத இடம் போதாமல், உறையின் பின்புறத்திலும் எழுதினேன்.