பூவார்ப் பொழியில் கரமடி

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி, திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியை ஒட்டியுள்ள பூவாரில் கடலில் கலக்கிறது. ஆனால் வருடம் முழுக்கக் கலப்பதில்லை. மழை ஓய்ந்தால் அலைகள் மணலை வாரிப்போட்டு வாயை அடைத்துவிடும். ஆறு மணல்திட்டுக்கு இப்பால் காயலாகத் தேங்கி நிற்கும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் வெள்ளம் ஏறினால் தானே உடைத்துக்கொண்டு போகும். உடையாவிட்டால், வீட்டுக்குள் தண்ணீர் புகுமுன் மண்வெட்டியோ ஜேசிபியோ கொண்டு பொழியை, அதாவது மணல் அடைத்த ஆற்றுவாயை, முறித்துவிடுவார்கள்.

பூவாரை ஒட்டித் தெற்கே பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி. அது கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-க்கு முன் இந்தக் கரை முழுவதும் ஒரே மாநிலம். திருவிதாங்கூர் அரசு 1860-ல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பூவாரிலிருந்துதான் குமரிப் பக்கம் புறப்பட்டது. கன்னியாகுமரிவரை படகு விடும் திட்டம் அது. பாதியில் நின்றது, இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. எல்லைக்கோடு விழுந்தும் பேச்சு முழுதாகப் பிரியவில்லை. கரையில் காதில் விழுவது பாதி மலையாளம், பாதி குமரித் தமிழ்.

நான் போனது டிசம்பர் மாதக் காலை ஒன்றில். காயல் பக்கம் ரிசார்ட் படகுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அலையாத்திப் புதர்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. கடல் பக்கம் கரமடி இழுப்பு. நடுவில் மணல்திட்டு, அதன்மேல் காற்றுக்கு முகம் கொடுத்து வரிசையாகப் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். லடாக், திபெத் போன்ற உயர்ந்த பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் கூடு கட்டுபவை இவை. குளிர்காலத்துக்கு இங்கே இறங்கிவிடுகின்றன. அவற்றின் காலடியில் உப்புக்கொத்திகள் குடுகுடுவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடின.

கரமடி என்பது கரையிலிருந்தே இழுக்கும் பெருவலை. கம்பவலை என்றும் பெயர் உண்டு. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு, வள்ளம் கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை இறக்கி, மறுநுனியோடு சற்றுத் தள்ளிக் கரையேறும். பிறகு இரண்டு கூட்டமாகப் பிரிந்து இழுப்பு. குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஓர் ஓசைக்கு ஓரடி. பின்னால் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு நீர்விளிம்புக்கு நடந்து வந்து முதல் ஆளாகப் பிடிப்பார். கடைசியில் ஒருவர் உட்கார்ந்து, ஈரக் கயிற்றை வட்டமாகச் சுருட்டிக்கொண்டே இருப்பார். வலையின் கைகள் கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றுசேரும். கைகளில் கண்ணி பெரிது. மடியை நோக்கி வர வரச் சிறிது. மீன் கடைசியில் ஒதுங்கும் இடம் மடி.

வலையை எங்கே இறக்குவது என்பதை யார் சொல்வது? கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். பொழிக்கு நேரே வெளியே கையை நீட்டினார். அங்கே ஆலாக்கள் தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருந்தன. "ஆலா விழுந்தா நெத்தோலி நிக்குதுண்ணு அர்த்தம் மக்களே. உயரத்துலயே சுத்துச்சுண்ணா மீன் தாழத்துல கெடக்கு." பைனாகுலரோடு வருபவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் பறவையைத்தான் அவர் தொழிலுக்குப் பார்க்கிறார்.

அந்தக் குறிப்பேட்டுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூர்ப் பறவைகளை முறையாகப் பதிவுசெய்யும் கணக்கெடுப்பை சாலிம் அலி 1933-ல் தொடங்கினார். இந்துசூடன் என்ற பெயரில் எழுதிய கே.கே. நீலகண்டனின் 'கேரளத்திலே பக்ஷிகள்' 1958-ல் வந்து, மலையாளிகளுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

மடி கரையேறியது. நெத்தோலி, காரல், கொஞ்சம் வாளை. கூடவே ஏராளமான சொறிமீன்களும் பிளாஸ்டிக் பைகளும். செம்பருந்துகள் தலைக்குமேல் தாழ வட்டமிட்டன. ஒரு கடற்காகம் வலையிலிருந்தே ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போனது; யாரும் விரட்டவில்லை. மணலிலேயே ஏலம். மீன்காரப் பெண்கள் அலுமினியப் பாத்திரங்களோடு நெருக்கியடித்து நின்றார்கள். வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய பங்கை எடுத்துவிட்டு, மிச்சம் இழுத்தவர்களுக்கு. மடி காலியாக வந்தால் அன்றைக்கு இழுத்ததற்குக் கூலி இல்லை.

இழுத்தவர்களில் இளைஞர்கள் குறைவு. அவர்கள் அவுட்போர்டு என்ஜின் பூட்டிய ஃபைபர் படகுகளுக்குப் போய்விட்டார்கள். அந்தப் படகுகளுக்கு மணல்கரை போதாது, துறைமுகம் வேண்டும். பொழியூர்த் துறைமுகத்தின் முதல் கட்டம் 2024-ல் கேரள பட்ஜெட்டில் இடம்பெற்றது. கடல் அரித்து வீடுகளைப் பறிகொடுத்த ஊரில் அதற்கு ஆதரவு இருப்பது இயல்புதான்.

துறைமுகம் என்றதும் கரமடிக்காரர்கள் சொல்வது முதலப்பொழியின் பெயரை. திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, ஆங்கிலேயக் கம்பெனி 1695-ல் கோட்டை கட்டிய அஞ்சுதெங்குக்குப் பக்கத்தில், வாமனபுரம் ஆறு கடலில் சேரும் முகம் அது. அங்கே இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நீட்டி வாயை நிரந்தரமாகத் திறந்துவைத்தார்கள். சுவர்களுக்கிடையே அலை கிளம்பிப் படகுகள் கவிழ்ந்ததில் 60-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அந்த வாயையே மணல் அடைத்துவிட, மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கண்ணூரிலிருந்து டிரெட்ஜர் வரவழைக்க வேண்டியதாயிற்று.

பொழியூரில் பாறை விழுந்தால் மணல் எந்தப் பக்கம் சேரும், எந்தப் பக்கம் அரிக்கும் என்பதுதான் பூவார்க் கரையில் நடக்கும் விவாதம். ஃபைபர் படகுக்காரர்கள் படகு அணைக்க இடம் கேட்கிறார்கள். கரமடிக்காரர்கள் கேட்பது இரண்டு கூட்டம் நின்று இழுக்கத் தேவையான வெறும் மணல். பல வீடுகளில் அப்பா ஒரு கட்சி, மகன் மறு கட்சி.