நாய்க்குட்டியும் நாலு முழக் கயிறும்

கிராமத்தில் நாய்க்குக் கயிறு என்றாலே கட்டிப் போடுவதற்குத்தான். வேப்பமரத்தடியில் ஒரு முனை, கழுத்தில் மறுமுனை. ராத்திரி அவிழ்த்துவிட்டால் காவல், விடிந்தால் மறுபடி கட்டு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாயோடு நடப்பது டவுன்காரர்கள் வேலை என்ற எண்ணம்தான் பரவலாக இருக்கிறது. காடுகரையெல்லாம் தானாகச் சுற்றிவருகிற நாய்க்கு நடைப்பழக்கம் எதற்கு என்று கேட்பதிலும் நியாயம் உண்டு.

அந்த நியாயம் கால்நடை மருந்தகத்து வாசலோடு முடிந்துவிடுகிறது. வெறிநோய்த் தடுப்பூசி முகாம் என்று அறிவிப்பு வந்தால், ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போகிற கைக்கு நாயைக் கொண்டுபோக வழி தெரிவதில்லை. கயிற்றைப் பிடித்தால் படுத்துக்கொள்ளும், கழுத்து நெரியத் திமிறும், பட்டையை உருவிக்கொண்டு ஓடும். பயத்தில் பிடித்தவரையே கடிக்கும். ஊசி போடாமல் விடப்பட்ட நாய்கள் பலவற்றுக்கும் குறை சொந்தக்காரரின் அக்கறையில் இல்லை. நடத்திக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவுதான்.

சாத்தூர் பக்கம் கரிசல்காட்டில் ஒரு குடும்பம். மூன்று ஏக்கர் மானாவாரி, இருபது வெள்ளாடு, காவலுக்கு ஒரு செவலை நாய். ஆறு வருடமாக அந்த நாய் ஒரு ஊசியும் கண்டதில்லை. ஒவ்வொரு முகாமுக்கும் தாத்தா அதைக் கட்டி இழுத்துப் பார்ப்பார், தெருமுனை தாண்டாது, திரும்பிவிடுவார். ஒருநாள் சோறு வைக்கப் போன பேத்தியின் கையில் அது கடித்துவிட்டது. கோழிக்கும் அதற்கும் நடந்த சண்டையில் குறுக்கே போன கை. கடி ஆழமில்லை. ஆனால் ஊசி போடாத நாய்.

வெறிநோய் வந்தபின் வைத்தியம் இல்லை. மனிதருக்கு நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. அதனால்தான் கடிபட்டவுடன் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் புண்ணைக் கழுவச் சொல்கிறார்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக்கூடாது. கழுவியவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பெண்ணின் அம்மா அதைச் சரியாகச் செய்தார். அரசு மருத்துவமனையில் அன்றைக்கு ஓர் ஊசி, பிறகு 3, 7, 28 ஆம் நாட்களில் ஊசி. ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி இறங்க வேண்டும், காட்டுவேலை கெட வேண்டும். தாத்தா தலைமுறைக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. 1907 இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய காலத்தை நினைத்தால் இன்றைக்குக் கையில் போடும் நாலு ஊசி பெரிய விஷயமே இல்லை. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த வருடம் சிப்பிப்பாறைக் கலப்பில் ஒரு குட்டி வந்தது. வரும்போது ஐம்பது நாள் வயது. இந்தக் குட்டி கயிற்றில் நடக்க வேண்டும் என்று தாத்தா முடிவு கட்டினார். வெறிநோய்க்கு முதல் ஊசி மூன்று மாத வயதில். அதற்குக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டே போய்விடலாம். ஆனால் வருடா வருடம் போட வேண்டிய ஊசி அது. அடுத்த வருடம் இருபது கிலோ நாயை மருந்தகம் வரைக்கும் யார் தூக்குவது?

தாத்தா ஒரு காலத்தில் ஊரில் பேர்போன ஏர்க்காரர். காளைக்கன்று பழக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் வெறும் நுகத்தை மட்டும் வைத்துப் பழக்குவார், பிறகு பழகிய மாட்டோடு பூட்டி ஒரு கட்டையை இழுக்கவிடுவார், அதற்கப்புறம்தான் ஏர். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் கன்று எதிர்த்து இழுக்கும், ஒரு அடி எடுத்து வைத்த மறுகணம் தளர்த்தினால் அடுத்த அடி தானாக வரும் என்பது அவர் கைக்குத் தெரியும். மாட்டுக்கு அவ்வளவு பொறுமை காட்டியவர், செவலையை மட்டும் தரதரவென்று இழுத்தார். நாய்க்கு அப்படிப் பொறுமையாக யாரும் செய்து அவர் பார்த்ததில்லை.

குட்டிக்கு முதல் மூன்று நாள் கழுத்துப்பட்டை மட்டும்தான். அதுவும் சோறு வைக்கும்போது மாட்டி, தின்று முடித்தபின் கழற்றுவது. கழுத்தில் ஏதோ ஏறினால் தட்டில் ஏதோ விழும் என்று அதற்குப் பதிய வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு இருந்தால் சரி. பிறகு பட்டையில் ஒரு முழ நூல் கயிற்றைக் கட்டி, பார்வையிலேயே வைத்துத் தரையில் இழுபட விட்டார்கள். இரண்டு நாள் கயிற்றைக் கடித்து விளையாடியது. மூன்றாம் நாள் மறந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் நாலு முழக் கயிறு. பருத்திக் கயிறாக இருந்தால் கைக்கு இதம். நைலான் கயிறு உருவினால் உள்ளங்கை எரிந்துபோகும். இரும்புச் சங்கிலி நடைக்கு ஆகாது. அதன் கனமே குட்டியின் கழுத்தை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும், இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாமல் போகும். இந்தப் பழக்கமே அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கயிறு தளர்ந்திருந்தால் நடை, இறுகினால் நிற்பது. பிடித்திருப்பவர் இழுக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. நட்ட கல்லாக நிற்க வேண்டும். குட்டி முன்னால் முட்டிப் பார்க்கும், கத்தும், கயிற்றைக் கடிக்கும். கடைசியில் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் கயிறு தளரும். அந்த நொடியிலேயே ஒரு நல்ல சொல், ஒரு சிறு தீனி, உடனே நடை. தீனி கொடுக்க அரை நிமிஷம் தாமதித்தால் அது எதற்குக் கிடைத்தது என்று குட்டிக்குப் புரியாது. அவித்த முட்டையைச் சுண்டுவிரல் நக அளவுக்குப் பிய்த்து மடியில் வைத்துக்கொண்டார்கள். கருவாடு என்றால் குட்டி உயிரை விடும், ஆனால் உப்பு அதிகம் என்பதால் ஊறவைத்துக் கழுவித்தான் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் வாசலிலிருந்து சோளத்தட்டைப் படப்பு வரை போக ஒரு பாடாகிவிட்டது. இருபது அடி தூரம்தான். பேத்திக்குச் சலித்துவிட்டது. "நிக்கிறதுக்கா தாத்தா இதக் கூட்டிட்டு வந்தோம்?"

"இழுத்தா காரியம் நடக்கும்னு அதுக்கு ஒரு தடவ தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் மறக்காது தாயி. இன்னைக்கு நின்னுருவோம்."

ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், காலையில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. அதற்கு மேல் குட்டிக்குக் கவனம் நிற்காது. உட்கார்ந்து அடம் பிடித்தால் இழுக்காமல், நாலு அடி தள்ளிப் போய்க் குந்தி உட்கார்ந்து கூப்பிட்டார்கள். எழுந்து ஓடிவந்தது.

குட்டியை விடச் சிரமம் கொடுத்தவர்கள் வீட்டு மனிதர்கள். தாத்தாவும் பேத்தியும் நின்று நின்று பழக்குவார்கள். பேத்தியின் அண்ணன் சாயங்காலம் கடைக்குப் போகும்போது குட்டி இழுத்த இழுப்புக்கெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடுவான். ஒரு வாரத்துப் பாடு ஒரே நடையில் போய்விடும். தாத்தா அவனைக் கூப்பிட்டு, பிடித்தால் எங்களைப் போல் பிடி, இல்லையென்றால் கயிற்றைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். கடுமையாகத்தான் சொன்னார். வேறு வழியில்லை.

மூன்று வாரம் வரை இதெல்லாம் சொந்தக் களத்திலும் காட்டுவரப்பிலும் மட்டும்தான். பிற நாய்கள் கூடும் தெருவுக்குக் கொண்டுபோகவில்லை. தடுப்பூசிகள் முடியாத குட்டிக்கு அங்கேதான் பார்வோ தொற்றும், ரத்தக் கழிச்சலில் இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். அதற்கான முதல் ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போட்டு, மருத்துவர் சொல்கிற இடைவெளியில் மற்றதையும் போட வேண்டும். அதே சமயம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் கெடுதல்தான். ட்ராக்டர் சத்தம், சைக்கிள் மணி, தலையில் விறகுக்கட்டோடு வருகிற ஆள் எல்லாவற்றையும் பேத்தி குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டினாள். இந்த வயதில் பார்த்துப் பழகியதைப் பிற்பாடு கண்டு குலைப்பதும் பாய்வதும் குறைவு.

ஆடு தனிப் பாடம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் ஓடுவதைத் துரத்தப் பிறந்த இனங்கள். ஆட்டுக்குட்டி துள்ளினாலே இதற்குக் கால் பரபரக்கும். முயல் துரத்த அவிழ்த்துவிடுவதைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம், அப்படிப் பழகிய நாய் நாளைக்குப் பக்கத்துக் காட்டு ஆட்டின் மேலும் பாயும். பட்டிக்கு எட்ட நின்று, குட்டி ஆட்டைப் பார்த்துவிட்டுத் தங்களைத் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் முட்டைத் துணுக்கு கொடுத்தார்கள். நாளுக்கு நாலு அடி கிட்டே போனார்கள். இந்த இனங்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் மெல்லிய பட்டை எளிதாக உருவிக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு அங்குல அகலப் பட்டை நல்லது. முரட்டுத்தனமாக இழுக்கிற நாய்க்கு நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார் கிடைக்கிறது, மூச்சுக்குழாய் நெரியாது.

தார்ரோட்டுக்கு வந்தபோது குட்டிக்கு நாலு மாதம். ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வண்டி வருவது தெரியும்படி நடந்தார்கள். குட்டி அவர்களுக்கும் வலப்பக்கம், மண்தரையில். அப்போது வண்டிக்கும் நாய்க்கும் நடுவில் ஆள் இருக்கிறார். கயிற்று நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. திடீரென்று பாய்ந்தால் கை பிசகும், சிறுபிள்ளை என்றால் ஆளே விழும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறியபின் தாரில் கூட்டிப் போகவேண்டாம். புறங்கையை ரோட்டில் ஐந்து எண்ணும் வரை வைத்துப் பார்த்தால் தெரியும், கைக்குத் தாங்காதது அதன் பாதத்துக்கும் தாங்காது.

வளர்கிற குட்டிக்குப் பட்டையை வாரம் ஒருமுறை தளர்த்திப் பார்க்காமல் விடுவதுதான் ஊரில் அதிகம் காணும் கொடுமை. குட்டி வளரும், பட்டை வளராது. தோலை அறுத்து உள்ளே போய் ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகுதான் நாற்றத்தில் தெரியவரும்.

மறு வருடம் ஊசிக்குப் போனபோது நாய் மருந்தகத்துக்கு நடந்தே போனது. வழியில் இரண்டு இடத்தில் தெருநாய்களைப் பார்த்து இழுத்தது, இரண்டு முறையும் தாத்தா நின்றார். செவலைக்கு ஏழு வயதுக்கு மேல் நடை பழக்கும் வேலை இன்னும் பாதியில்தான் இருக்கிறது. களத்தைத் தாண்டி ஊருணி வரை வருகிறது. அதற்கு வீட்டுக்கே வந்து ஊசி போட மருத்துவரைக் கேட்டிருக்கிறார்கள். ஊசி போட்ட தேதி எழுதிய அட்டை ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே இருக்கிறது. அடுத்த தேதியைப் பேத்தி காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறாள்.